முடிச்சா, துணையா?

நடுவர் அவர்களே! எதிரணியில் பேசிய அம்மா, துப்பறியும் தொடர் என்றாலே முடிச்சுதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஒன்று கேட்கிறேன். கொலைகாரன் யாருன்னு தெரிஞ்ச பிறகும் அதே தொடரை மறுபடி பார்க்கிறோமே, ஏன்? முடிச்சுதான் அவிழ்ந்து போச்சே!

1993-இல் தூர்தர்ஷனில் 'ப்யோம்கேஷ் பக்ஷி' என்று ஓர் இந்தித் தொடர் வந்தது. வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாய் 1932 முதல் எழுதிய கதைகள். இயக்கியவர் பாசு சட்டர்ஜி. ப்யோம்கேஷாக ரஜித் கபூர், நண்பர் அஜித்தாக கே.கே. ரைனா. (அரங்கில் விசில்) தம்பிகளா, உட்காருங்க. இவர் கல்கத்தா அஜித்!

முதல் கதையில் இரண்டு பேரும் எப்படிச் சந்திக்கிறார்கள்? கல்கத்தாவில் ஆண்கள் தங்கும் ஒரு மெஸ். வேலை தேடி வந்தவன் என்று ஒருவர் அதுல் என்ற பெயரில் வருகிறார். இடம் இல்லை. பாவமேன்னு அஜித் தன் அறையில் பாதியைக் கொடுக்கிறார். வந்தவர்தான் ப்யோம்கேஷ்! ஊர் உலகத்தில் இல்லாத நட்பு, ஒரு பொய்ப் பெயரில் தொடங்குகிறது. அது தெரிந்த பிறகும் அஜித் கோபித்துக்கொண்டு போகவில்லை. அவர் வீட்டுக்கே குடிபோகிறார்.

அஜித் முட்டாள் இல்லை, எழுத்தாளர். நாம் கேட்க நினைப்பதை அவர் கேட்கிறார், நேர்மையாகத் தப்புப் பண்ணுகிறார். ப்யோம்கேஷுக்கோ 'டிடெக்டிவ்' என்ற சொல்லே பிடிக்காது. 'சத்தியான்வேஷி', உண்மையைத் தேடுபவன் என்றுதான் கதவில் பலகை. கேள்வி கேட்க அஜித் இல்லையென்றால், எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காத மனுஷனாகத்தான் இருந்திருப்பார். அப்படிப்பட்டவரோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம்னு பேராசிரியர்கள் வீட்டு அம்மாக்களைக் கேளுங்க! (சிரிப்பு)

ஷெர்லாக் ஹோம்ஸ் கடைசிவரை பிரம்மச்சாரி. நம்ம ஆள் அப்படி இல்லை. ஒரு கொலை வழக்கில் அண்ணன் மாட்டிக்கொள்ள, தங்கை சத்யவதி உதவி கேட்டு வருகிறாள். வழக்கும் முடிகிறது, கல்யாணமும் முடிகிறது. இங்கேதான் எனக்குப் பயம். மூன்றாவது ஆள் வந்தாச்சே, அஜித் என்ன ஆவார்? அதே வீட்டில் இருக்கிறார். சத்யவதி அவரைக் கேலி செய்கிறாள், கூடச் சேர்ந்து புருஷனையும் கேலி செய்கிறாள். அந்த வீட்டில் நண்பனுக்கு இடம் இருந்தது.

என் வீட்டில் இருந்ததா? 1993-இல் நான் ஆராய்ச்சி மாணவன். விடுதி டி.வி. ஹாலில் எனக்கு இந்தி ஒரு எழுத்து தெரியாது. என் அறைத் தோழன் காதோடு காதாக மொழிபெயர்ப்பான். பாதி வசனத்தை அவனே கட்டியிருப்பான், அது வேற விஷயம். எனக்குக் கல்யாணம் ஆச்சு. அவன் வருவது குறைந்தது, அப்புறம் நின்றே போனது. ஏன்டா வரலைன்னு நான் ஒரு வார்த்தை கேட்கலை. கேட்டிருக்கணும்.

2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் அந்தத் தொடரை மறுபடி போட்டது. கொலைகாரன் யாருன்னு எனக்குத்தான் தெரியுமே! ஆனாலும் உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் என் மனைவி, "என்ன சொல்றாங்க?" என்றாள். எனக்கு இன்னிக்கும் இந்தி தெரியாது. அவளே போனை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

அவன் எடுத்தான். நான் நலம்கூட விசாரிக்கவில்லை. "டேய், அந்த டாக்டர் இப்ப என்னடா சொன்னான்?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இருடா, டி.வி.யைப் போடறேன்" என்றான்.