கோடு பொய் சொல்லாது!

செய்யூரிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் மாமல்லபுரம். அங்குள்ள ஐந்து ரதங்களுள் மிகச் சிறியது திரௌபதி ரதம். ஓலைக் குடிசை போன்ற கூரையுடன், கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் பாறையில் செதுக்கப்பட்டது.

மாணவர்களே, பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இந்த ரதத்தை அட்டையில் செய்ய விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தில் அதன் முகப்பு வரைபடம் சிறியதாக இருக்கிறது. அதைப் பெரிதாக்கி, அட்டையில் ஒட்டி வெட்ட வேண்டும். எவ்வளவு பெரிதாக்குவது?

ரதத்தின் அடித்தளம் சுமார் 11 அடிச் சதுரம். உயரம் சுமார் 18 அடி. மெட்ரிக் அளவில் ஏறத்தாழ 3.35 மீட்டர், 5.5 மீட்டர். 25-இல் ஒரு பங்காகச் செய்தால் அடித்தளம் 134 மி.மீ., உயரம் 220 மி.மீ. ஆகும். ஏ4 தாளில் அடங்கிவிடும்.

புத்தகப் படத்தில் அடித்தளம் 50 மி.மீ. இருந்தால், வேண்டிய நீளத்தை இருக்கும் நீளத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். விடை 268 சதவீதம். கடையிலுள்ள ஜெராக்ஸ் இயந்திரம் 200 சதவீதம் வரைதான் பெரிதாக்கும் என்றால்? முதலில் 200, பிறகு 68 என்று சிலர் சொல்வார்கள். தவறு! 68 சதவீதம் படத்தைச் சுருக்கிவிடும். சதவீதங்களைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். 268-ஐ 200-ஆல் வகுத்தால் 1.34. ஆகவே முதலில் 200, அடுத்து 134.

இனி ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். புத்தகப் படத்தின் கீழ் 1:67 என்று அச்சிட்டிருக்கும். பெரிதாக்கிய நகலிலும் அதே எண்தான் இருக்கும். ஆனால் நகலின் உண்மை அளவை 1:25! எண் பொய்யாகிவிட்டது. புவியியல் பாடத்தில் படித்த நேர்கோட்டு அளவை இங்கே கைகொடுக்கும். பெரிதாக்குவதற்கு முன்பே படத்தின் கீழும் பக்கத்திலும் 50 மி.மீ. நீளக் கோடு ஒவ்வொன்று வரையுங்கள். படத்தோடு கோடும் வளரும். நகலில் இரண்டும் 134 மி.மீ. இருந்தால் படம் சரி.

கணினியில் அச்சிடும்போதும் இந்தச் சோதனை தேவை. 'ஃபிட் டு பேஜ்' என்ற தேர்வு படத்தைச் சத்தமில்லாமல் சுருக்கிவிடலாம். 97 சதவீதமானால் 134 மி.மீ. சுவர் 130 ஆகிவிடும். ஒரு சுவர் 134, அடுத்தது 130 என்றால் மூலை சேராது; வெட்டிய அட்டை வீண். 100 சதவீதம் என்றே தேர்ந்தெடுங்கள்.

கூரைக்கு இன்னொரு எச்சரிக்கை. முகப்புப் படத்தில் கூரையின் செங்குத்து உயரம் மட்டுமே தெரியும். சரிவின் நீளம் அதைவிட அதிகம். படத்தில் கூரையின் ஓரக் கோட்டின்மேல் நூலை வளைத்து வைத்து அளந்தால் சரிவு நீளம் கிடைக்கும்.

சிற்பிகளுக்கு இந்த நுட்பம் புதிதன்று. மாமல்லபுரத்தில் 1957 முதல் சிற்பக் கலை கற்பிக்கும் அரசு நிறுவனம் இயங்கி வருகிறது. சிற்ப நூல்கள் கூறும் உத்தம தசதாள அளவில் உருவத்தின் உயரம் 124 பங்குகள். சிலை ஓரடியானாலும் பத்தடியானாலும் பங்கு 124-தான். அளவு மாறும்; விகிதம் மாறாது.

ஆகவே, கத்தரிக்கோலை எடுக்கும் முன் அளவுகோலை எடுங்கள். அந்த இரண்டு கோடுகளையும் அளந்து பார்த்தபின் வெட்டுங்கள்!