சூளைப் பெண்ணிடம் யார் கேட்பது?

செங்கல் சூளையிலிருந்து ஒரு குடும்பத்தை மீட்டால், விசாரணை ஆணிடம் தொடங்குவது இயல்பாக நடந்துவிடுகிறது. ஏனென்றால் கணக்கு அவர் பெயரில் இருக்கிறது. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடாவிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களானாலும், காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்து இருளர்களானாலும், கணவனும் மனைவியும் சேர்ந்துதான் மண் குழைத்துக் கல் அறுக்கிறார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசிய கூலியும் மேஸ்திரி கொடுத்த முன்பணமும் மட்டும் கணவன் பெயரில் ஏறுகின்றன. முன்பணத்தில் ஆளைக் கட்டிப்போடும் இந்த வழக்கம் காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. பெற்றோர் வாங்கிய கடனுக்காகப் பட்டுத் தறியில் பிள்ளைகள் உழைத்ததை மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் பதிவு செய்திருக்கிறது. சூளை நோட்டில் இடம்பெறாத பெண்ணின் உழைப்பு வழக்கு ஏட்டிலும் விடுபட்டுப்போகக் கூடாது என்றால், அவளிடம் கேட்க ஒரு பெண் அதிகாரி வேண்டும்.

சட்டம் இதைப் பாதிதான் ஒப்புக்கொள்கிறது. 1956ஆம் ஆண்டின் விபசாரத் தடுப்புச் சட்டப்படி, சோதனைக்குப் போகும்போது குறைந்தது இரண்டு பெண் காவலர்கள் உடன் இருக்க வேண்டும். பாலியல் குற்றப் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. ஆனால் சூளை வழக்குகளுக்குப் பொருந்தும் ஆள்கடத்தலைக் குற்றமாக்கும், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு, அப்படிப் பெண் அதிகாரி பதிய வேண்டிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. அதாவது, சூளைப் பெண் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை முதலில் ஓர் ஆண் அதிகாரியிடம் வாய்விட்டுச் சொன்னால்தான், அதைக் கேட்க ஒரு பெண் அதிகாரி வருவார். பக்கத்தில் கணவனும் எதிரே முதலாளியின் ஆட்களும் நிற்க, எந்தப் பெண் சொல்வாள்?

சொல்லாமல் போனால் இழப்பு பெரிது. 2016ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டப்படி, மீட்கப்பட்ட ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைக்கு உள்ளானவர்களுக்கு மூன்று லட்சம் ரூபாய். உடனடி உதவி போக மீதித் தொகை, கொத்தடிமைத்தனம் வழக்கில் மெய்ப்பிக்கப்படுவதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. முதல் வாக்குமூலம் ஓட்டையாக இருந்தால் தண்டனையும் கிடைக்காது, பணமும் வராது.

தமிழ்நாட்டில்தான் மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. 1973இல் 22 பெண்களோடு மகளிர் காவலைத் தொடங்கி, 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையத்தைத் திறந்த மாநிலம் இது. இந்த நிலையங்களை ஆராய்ந்த மங்கை நடராஜன், 2008இல் வெளியான தம் நூலில் அவற்றைச் சமத்துவத்துக்கான கொல்லைப்புற வாசல் என்றார். அந்த வாசல் வழியே வந்தவர்களை வரதட்சணை, குடும்பத் தகராறு என்ற அறைக்குள்ளேயே உட்காரவைத்துவிடுவதுதான் சிக்கல். ஹரியானாவைப் பற்றிய நிர்விகார் ஜஸ்ஸலின் 2020ஆம் ஆண்டு ஆய்வும், தனி நிலையம் வந்தபின் மற்ற நிலையங்கள் பெண்களின் புகாரை அங்கே தள்ளிவிடுவதைக் காட்டியது. பெண் காவலரும் அதட்டத்தானே செய்கிறார் என்பது இன்னொரு வாதம். உண்மைதான், காக்கி எல்லோரையும் ஒரே வார்ப்பில் வார்க்கக்கூடியது. அதனால் பயிற்சியும் மொழிபெயர்ப்பாளரும் தேவை என்றாகுமே தவிர, பெண் அதிகாரி வேண்டாம் என்றாகாது. ஒடியா மட்டுமே பேசும் பெண்ணுக்கு மொழி தெரிந்த ஆள் இல்லாமல் யார் கேட்டும் பயனில்லை. ஆண்களும் கடத்தப்படுகிறார்களே என்றால், மனைவியின் வாக்குமூலம் வலுப்பெறும்போது கணவனின் வழக்கும் வலுப்பெறுகிறது.

இதற்குப் புதுச் சட்டமோ புதுக் கட்டடமோ வேண்டியதில்லை. கொத்தடிமை மீட்புக்குப் போகும் ஒவ்வொரு குழுவிலும் விசாரணை அதிகாரம் உள்ள பெண் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும், பெண்களின் வாக்குமூலத்தை அவர் தனியாகப் பதிய வேண்டும் என்று காவல் துறைத் தலைமை இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அதைக் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே தொடங்கலாம்.