பழைய மோட்டாரின் வெப்பம் தணிக்கும் முறை

சென்னையிலிருந்து திருத்தணி, நகரி வழியாகத் திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில், புத்தூரைக் கடந்ததும் வருவது வடமாலபேட்டை. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வூர், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. கோடையில் இங்கு வெயில் 40 டிகிரியைக் கடப்பதுண்டு. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் விடுமுறைக்கு ஊர் வந்து, தந்தையார் வைத்துச் சென்ற அம்பாசிடரிலோ பியட்டிலோ முதியோரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு இவ்வழியே புறப்படுவதும் உண்டு. ஆண்டு முழுதும் கொட்டகையில் நின்ற வண்டி அன்று ஒரு நாள் படும் பாட்டைக் குறித்தே நாம் இங்குச் சிந்திக்கிறோம்.

எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குளிர்விக்கும் நீரே வாங்கிக்கொள்கிறது. நீரை வாட்டர் பம்ப் சுற்றிவரச் செய்கிறது. ரேடியேட்டரில் அதனைக் காற்று ஆற்றுகிறது. பழைய வண்டிகளில் பம்பையும் விசிறியையும் எஞ்சினே ஒரு பெல்ட்டினால் சுழற்றுகிறது. ஆகவே, சுங்கச் சாவடியில் வரிசையில் நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓட, விசிறியும் மெதுவாகவே சுழலும், எதிர்க்காற்றும் இராது. வெப்பமானியின் முள் ஏறுவது பெரும்பாலும் அவ்வேளையில்தான். 2014 வரை உற்பத்தியான அம்பாசிடரின் மூல வடிவம் 1956 இல் இங்கிலாந்தில் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

இதற்குப் பரிகாரமாகப் பலர் உடனே புதிய மின்விசிறியை நாடுகின்றனர். பழுதை நீக்குவது முதற்படி. புதியதைப் பொருத்துவது இரண்டாம் படி. இவ்வரிசை மாறினால் பணம் செலவாகும், சூடு தணியாது.

முதலில், ரேடியேட்டரைக் கழற்றி அதன் குழல்களில் படிந்த உப்பையும் துருவையும் அகற்ற வேண்டும். கிணற்று நீரையே ஊற்றிவந்த வண்டிகளில் இப்படிவு மிகுதி. எஞ்சினின் நீர்வழிகளையும் கழுவுதல் நலம். நைந்த ரப்பர்க் குழாய்களையும் தளர்ந்த பெல்ட்டையும் மாற்றுக. இக்னிஷன் நேரம் பிந்தியிருந்தாலும் எஞ்சின் சூடேறும்; அதனையும் சரிபார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது மருந்தன்று. எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் தேய்வதற்கே அது வழி. கொதிக்கும் நீரில் இட்டு அது திறக்கிறதா என்று சோதிக்கலாம்.

ரேடியேட்டர் மூடி ஒரு சிறு கருவியே எனினும் அதன் பணி பெரிது. ஒரு பவுண்டு அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயரும். 7 பவுண்டு மூடி, கொதிநிலையை 110 டிகிரிக்கு மேல் கொண்டு செல்கிறது. ஆயினும் புதுவண்டியின் மிகை அழுத்த மூடியைப் பழைய ரேடியேட்டருக்கு இடுதல் ஆகாது. பற்றுவைத்த இணைப்புகள் பிளந்துவிடும்.

இவற்றின் பின்னரும் சூடு தணியவில்லையெனில் மேம்பாட்டை நாடலாம். பழைய தொட்டிகளுக்கு இடையே கூடுதல் குழல்வரிசை கொண்ட உட்பகுதியைப் பொருத்தலாம். விசிறியைச் சுற்றித் தகட்டு உறை அமைத்தால், காற்று முழுவதும் ரேடியேட்டர் வழியாகவே இழுக்கப்படும். மின்விசிறியை விரும்புவோர், வண்டியில் உள்ளது டைனமோவா ஆல்டர்னேட்டரா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ போதிய மின்சாரம் தராது. வாலை வடிநீரும் கூலன்ட்டும் சமபங்காகக் கலந்து ஊற்றினால், நின்ற வண்டியிலும் துரு பிடிப்பது குறையும். கழற்றிய பாகங்களைப் பாதுகாத்து வைத்தல் நன்று. 50 ஆண்டு கடந்து, மூல அமைப்பு மாறாத வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்ய 2021 ஆம் ஆண்டின் மத்திய விதிகள் இடமளிக்கின்றன.

வழியில் முள் ஏறினால் நிழலில் நிறுத்துக. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் நீங்கிய கணமே உள்ளிருக்கும் நீர் ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வெந்துபோகச் செய்யும். அரைமணி நேரமேனும் ஆறவிட்டு, தடித்த துணியால் பற்றிச் சிறிது சிறிதாகத் திருகுக. சூடான எஞ்சினில் தண்ணீரைச் சட்டென ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கக்கூடும்.

1974 இல் அமைந்த இரண்டாம் மலைப்பாதையில் ஏற எண்ணுவோர், பழைய வண்டிக்கு அனுமதி உண்டா என்று முன்னரே கேட்டறிதல் வேண்டும். அனுமதி கிட்டாவிடில் வண்டியை அடிவாரத்தில் நிறுத்திப் பேருந்தில் ஏறலாம். ஊருக்கு வந்த மறுநாளே பயணம் புறப்படாமல், நல்ல மெக்கானிக்கிடம் இரண்டு நாள் வண்டியை ஒப்படைப்பது, உடன்வரும் முதியோருக்கு நாம் செய்யும் முதற்கடமையாகும்.