தால் எதிர் ஃபிஷர், லைப்சிக் 1960

தால் எதிர் ஃபிஷர், லைப்சிக் 1960 என்பது அன்றைய கிழக்கு ஜெர்மனியில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாடில் சோவியத் ஒன்றியத்தின் மிகைல் தாலும் ஐக்கிய அமெரிக்காவின் பாபி ஃபிஷரும் ஆடிய ஆட்டமாகும். 21 நகர்த்தல்களில் சமநிலையில் முடிந்தது. குறுகிய சமநிலை ஆட்டங்கள் பெரும்பாலும் சுவையற்றவை, இது அவ்வாறானதன்று.

பின்னணி

தால் அவ்வாண்டு மே மாதத்தில் பொத்வின்னிக்கை வென்று உலக வாகையாளர் ஆகியிருந்தார். ஃபிஷருக்கு வயது 17. முந்தைய ஆண்டு யூகோசுலாவியாவில் நடந்த உலக வாகையருக்கான தகுதிப் போட்டியில் நான்கு ஆட்டங்களிலும் ஃபிஷர் தாலிடம் தோற்றிருந்தார். இம்முறை அவருக்குக் கறுப்புக் காய்கள்.

திறப்பு

ஃபிஷர் தாம் அரிதாகவே ஆடும் பிரெஞ்சுத் தடுப்பாட்டத்தைத் தேர்ந்தார். 1834 இல் இலண்டன், பாரிசு நகரங்களிடையே நடந்த அஞ்சல்வழிப் போட்டியால் இதற்கு அப்பெயர் வந்தது. மூன்றாம் நகர்த்தலில் கறுப்பு அமைச்சர் வெள்ளைக் குதிரையை அதன் அரசனோடு பிணைப்பது வினாவர் வகை எனப்படும். வெள்ளைக் காலாள் விரட்டும்போது அமைச்சர் குதிரையை வெட்டுவதே வழக்கம். ஃபிஷரோ அமைச்சரைப் பின்வாங்கச் செய்தார். 1954 உலக வாகையர் போட்டியில் இதே வழியில் ஆடிய பொத்வின்னிக், சிமிசுலோவிடம் தோற்றார். ஃபிஷர் பத்தாவது நகர்த்தலில் அவரிடமிருந்து விலகி, அரசிப்பக்கக் குதிரையை முன்னோக்கி, நடுப்பலகையை நோக்கி எடுத்தார்.

ஆட்டத்தின் போக்கு

தாலின் அரசி கறுப்பின் அரசன்பக்கக் காலாட்கள் இரண்டை விழுங்கியது. ஆனால் அவ்வெட்டுகளால் திறந்த வரிசை, கறுப்புக் கோட்டைக்கு வெள்ளை அரசனை நோக்கிய பாதையாயிற்று. இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களில் கோட்டை கட்டினர். 14 ஆம் நகர்த்தலில் ஃபிஷர் குதிரையால் நடுக்காலாளை வெட்ட, அடுத்த சில நகர்த்தல்களில் காய்கள் சரசரவென மறைந்தன. 18 ஆம் நகர்த்தலில் தாலின் குதிரை அரசியையும் கோட்டையையும் ஒருங்கே தாக்கியது. கோட்டை முற்றுகையுடன் தப்பியது. பின்னர் ஃபிஷர் அக்குதிரையை வெட்டி, கோட்டையை அரசனுக்கே இரையாக விட்டார்.

இறுதி நிலையில் வெள்ளையிடம் ஒரு கோட்டையும் ஐந்து காலாட்களும், கறுப்பிடம் ஒரு குதிரையும் நான்கு காலாட்களும், இருவரிடமும் அரசிகளும் எஞ்சின. காய்க்கணக்கில் தாலே மேல். எனினும் அவர் அரசன் கறுப்பு அரசியின் முடிவற்ற முற்றுகையிலிருந்து ஒளிய இடமில்லை, சமநிலை ஏற்கப்பட்டது.

ஒலிம்பியாடில் சோவியத் ஒன்றியம் தங்கமும் அமெரிக்கா வெள்ளியும் வென்றன. 1969 இல் வெளிவந்த தம் 60 ஆட்டங்களின் தொகுப்பில் ஃபிஷர் இதனையும் சேர்த்தார். தாலை அவர் முதன்முதலில் வென்றது 1961 இல், பிளெட் நகரில்.