கத்தியும் உறையும் ஒரே ஜோடிதானா?

எண்ணெய் டின்னுக்கு ஒரு மூடி இறுக்கமாகப் பொருந்திவிட்டது என்பதற்காக, அது அந்த டின்னோடு வந்த மூடிதான் என்று நம்மில் யாரும் சத்தியம் செய்யமாட்டோம். பழைய கத்தி வாங்கும்போது மட்டும் இது மறந்துபோகிறது. உறைக்குள் கத்தி போகிறதா, வருகிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு ஜோடி விலையை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். மளிகைக் கடைக்காரருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். வீடு காலி செய்பவர்களிடம் பழைய சாமான்களை மொத்தமாகப் பேசி எடுக்கும் வணிகர்கள் உண்டு. ஆசைக்காகச் சேர்ப்பவர்களும் உண்டு. பட்டாளத்துக் கத்தியும் குக்ரியும் அப்படித்தான் கைக்கு வருகின்றன. அசல் உறையோடு இருந்தால் ஒரு விலை, ஏதோ ஓர் உறையோடு இருந்தால் வேறு விலை. வித்தியாசம் கொள்முதல் செய்தவர் தலையில்தான் விழும்.

ஜோடி மாறுவதற்கு மோசடி மட்டும் காரணமல்ல. எஃகு நூறு வருஷம் நிற்கும். தோல் அவ்வளவு நாள் தாங்காது. காய்ந்து சுருங்கும், தையல் விடும், பூச்சி அரிக்கும். கத்தி நன்றாக இருக்கிறதே என்று வேறோர் உறையைத் தேடிச் செருகிவிடுவார்கள். பட்டாளத்திலேயே உறை கெட்டால் வேறு உறை கொடுப்பது வழக்கம். ஆகவே உறை மாறியிருக்கிறது என்றவுடன் விற்பவரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை; விலையைத்தான் திருத்திப் பேசவேண்டும்.

நம் நாட்டில் அதிகம் ஏமாற வைப்பது, லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் முனையில் மாட்டும் 1907 மாடல் பயனெட். இதன் அலகு 17 அங்குலம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் இவற்றில் பலவற்றை 12 அங்குலமாக வெட்டிக் குறைத்தார்கள். 12 அங்குலத்திலேயே புதிதாகவும் செய்தார்கள். 12 அங்குலக் கத்தி 17 அங்குல உறைக்குள் வெண்ணெய் போல இறங்கும்! பிடிவரை போய் உட்கார்ந்துவிடும். பார்க்க லட்சணமாகவும் இருக்கும். ஆனால் உறையின் அடியில் ஐந்து அங்குலம் காலி. எனவே கத்தியை வெளியே எடுத்து, உறையின் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். துணி அளக்கும் டேப் போதும். அலகின் பக்கவாட்டில் ஓடும் பள்ளம் நுனிக்கு அருகில்வரை வந்துவிட்டால் அது பின்னால் வெட்டிக் குறைத்த கத்தி என்று கொள்ளலாம். பிடியை ஒட்டிய இடத்தில் செய்த கம்பெனியின் பெயரும் மாதமும் வருஷமும் பொறித்திருக்கும். ஈஷாப்பூர் தொழிற்சாலைச் சரக்கானால் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்துகள் இருக்கும். உறையின் தோலில் முத்திரை தெரிந்தால் அதையும் படித்துப் பாருங்கள். இரண்டு மூன்று வருஷ வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம். முதல் உலகப் போர்க் கத்திக்கு இரண்டாம் உலகப் போர் உறை என்றால், அதைச் சொல்லி விலை குறைக்கலாம்.

ஜெர்மன் மவுசர் துப்பாக்கியின் பயனெட்டில் இந்தத் தொல்லை குறைவு. கத்தியிலும் இரும்பு உறையிலும் ஒரே எண்ணை அடித்து அனுப்பினார்கள். எண்ணின் கீழே சிலவற்றில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். எண் ஒன்றாயிருந்து எழுத்து மாறினால் அதுவும் ஜோடி அல்ல. போர் முடியும் தறுவாயில் செய்தவற்றில் எண் இல்லாதவையும் உண்டு. எண்ணின் பள்ளத்துக்குள் மட்டும் இரும்பு பளிச்சென்று தெரிந்தால் யாரோ பின்னால் அடித்த எண் அது. தராசுக்கல்லில் போலி முத்திரை பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உடனே பிடிபடும்.

குக்ரிக்கு எண் எல்லாம் கிடையாது. கொல்லர் கையால் அடித்த கத்தி. ஒன்றின் வளைவு மற்றொன்றுக்கு வராது. இரண்டு மரத்துண்டுகளை அந்த வளைவுக்கே குடைந்து, மேலே தோல் போர்த்தி உறை செய்வார்கள். வேறு கத்தியானால் வளைவில் முட்டி நிற்கும், அல்லது உள்ளே கடகடவென்று ஆடும். உறையின் பின்னால் கர்தா, சக்மக் என்று இரண்டு சிறு கத்திகள் இருக்கும். சக்மக் மழுங்கலானது, தீட்டுவதற்கு. பெரிய கத்தியின் பிடி கொம்பாகவும் இவற்றின் பிடி மரமாகவும் இருந்தால் எங்கேயோ கலந்துவிட்டது என்று பொருள். உருவிப் பார்க்கும்போது உறையைக் கூர்ப்பக்கமாகப் பிடிக்காதீர்கள். பழைய உறையின் தையலைக் கிழித்துக்கொண்டு கத்தி விரலுக்கு வந்துவிடும்.

எல்லாக் கத்திக்கும் பொதுவாக ஒன்று உண்டு. பல வருஷம் கூடவே இருந்த பொருள்கள் ஒன்றின்மேல் ஒன்று தடம் பதிக்கும். பித்தளைப் பூண் தோலைத் தொடும் இடத்தில் பச்சைக் களிம்பு பூக்கும். உறையின் வாய் உரசிய கோடு அலகில் தெரியும். கத்தி தேய்ந்து துருவேறி, உறை மட்டும் புதுக் கருக்கு அழியாமல் இருந்தால் விளக்கம் கேளுங்கள்.

விற்பதற்கு முன் சட்டத்தையும் கவனிக்கவேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகளில் பயனெட்டும், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள குக்ரி போன்ற கத்திகளும் ஆயுதப் பட்டியலில் உள்ளன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவை சேரா. நூறு ஆண்டு கடந்த பொருளானால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் குறுக்கிடலாம். உரிமம் தேவையா என்று விசாரித்துக்கொண்டே கடையில் வையுங்கள். விற்றால் பில்லிலேயே "உறை பிற்காலத்தது" என்று எழுதிவிடுங்கள்; வாங்கியவர் நாளை வேறொருவரிடம் காட்டும்போது நம் பேர் கெடாது.

தோல் உறைக்குள் கத்தியை மாதக்கணக்கில் வைத்தால் துரு பிடிக்கும். எண்ணெய் தடவித் தனியே வைப்பதே நல்லது. அப்படிப் பிரிக்கும்போது இரண்டிலும் ஒரே எண் எழுதிய சீட்டைக் கட்டுங்கள். இல்லாவிட்டால் நம் அலமாரியிலேயே ஜோடி மாறிவிடும்.