குடை (சொல்)

குடை என்பது மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் காத்துக்கொள்ளத் தலைக்கு மேல் பிடிக்கப்படும் கருவியைக் குறிக்கும் தமிழ்ச் சொல் ஆகும். டேனியம், நோர்வீஜியம், சுவீடியம் ஆகிய ஸ்காண்டிநேவிய மொழிகள் இக்கருவிக்கான சொல்லைப் பிரெஞ்சிலிருந்து பெற்றன. நெடுங்காலம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிலோ தமிழ்ச் சொல்லே நிலைத்துள்ளது.

ஐரோப்பிய மொழிகளில்

வெயிலைத் தடுப்பது என்னும் பொருளுடைய "பரசோல்" என்ற சொல் இத்தாலியத்திலிருந்து பிரெஞ்சுக்கு வந்தது. அதை ஒட்டி 17ஆம் நூற்றாண்டில், மழையைத் தடுப்பது என்னும் பொருளில் "பராப்ளுயி" உருவானது. ஸ்காண்டிநேவிய மொழிகளில் வழங்கும் "பராப்ளி" இதன் திரிபாகும். ஆங்கில "அம்பிரெல்லா", நிழல் எனப் பொருள்படும் "உம்பிரா" என்ற இலத்தீன் சொல்லை மூலமாகக் கொண்டது.

தமிழில்

இதற்கு இனமான சொற்கள் மலையாளத்தில் "குட", கன்னடத்திலும் துளுவிலும் "கொடெ", தெலுங்கில் "கொடுகு" என வழங்குகின்றன. வளைவு, உட்குழிவு ஆகிய பொருள் தரும் வேருடன் குடை என்பதைத் தொடர்புபடுத்துவர். குடம், குடுவை, குடைதல் ஆகிய சொற்களும் இவ்வாறே விளக்கப்படுகின்றன. சங்க இலக்கியத்தில் பனையோலையால் செய்த உண்கலம் "பனங்குடை" எனப்பட்டது. அரசனின் வெண்கொற்றக்குடை, ஆட்சிக்கும் அது தரும் காப்புக்கும் அடையாளமாக விளங்கியது.

ஐரோப்பியச் சொற்கள் பயனைச் சுட்ட, தமிழ்ச் சொல் வடிவத்தைச் சுட்டுகிறது. எனவே மழைக்கும் வெயிலுக்கும் ஒரே சொல் போதுமானதாகிறது. "பாராசூட்" என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு வீழ்ச்சியைத் தடுப்பது என்பது பொருள். அதற்கு ஈடான தமிழ்ச் சொல்லாகிய "வான்குடை" வடிவத்தையே குறிக்கிறது.

புதுச்சேரி வழக்கு

புதுச்சேரியின் ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் வசம் வந்தது. அதன் பின்னரும் ஊர்ப்புற நிர்வாகப் பிரிவுகளின் பெயரில் "கொம்யூன்" என்ற பிரெஞ்சுச் சொல் தொடர்கிறது. வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து, பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆகியவை எடுத்துக்காட்டுகள். கொம்யூன் என்பது பிரெஞ்சுக்காரர் கொணர்ந்த அமைப்பு. ஆதலால் பெயரும் அதனுடன் வந்தது. குடையோ அவர்கள் வருமுன்பே பயன்பாட்டில் இருந்த பொருள். ஆகவே இவ்வூர்களின் வயல்வெளியிலும் கோயில் உலாவிலும் குடை என்ற பெயரே வழங்குகிறது. 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்த தரங்கம்பாடியிலும் இதுவே வழக்கு.