ஒரு கரண்டி மருந்து

கரோல் பாக்கில் வாழும் நம்மவர் இல்லங்களில் குழந்தை இருமினால், ஊரிலுள்ள பாட்டியின் இடத்தில் மருந்துக் கடைக்காரரே நிற்கிறார். கேட்டதைத் தருகிறார், நாமும் புகட்டிவிடுகிறோம்.

2025-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதுற்று மாண்டனர். அவர்கள் அருந்திய ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக அதிகாரிகள் சோதித்தபோது, அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்னும் நஞ்சு இருந்தது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்குச் சளி, இருமல் மருந்துகள் கூடாதென மத்திய சுகாதாரத் துறை அவ்வாண்டு அக்டோபரில் அறிவுறுத்தியது.

புட்டிக்குள் இருக்கும் நஞ்சை நாம் அறிய இயலாது. ஆயினும் நம் கைப்பிழையைத் தவிர்க்கலாமன்றோ? செவிலியர் கல்வி பயிலும் என் தமக்கை மகள் ஐந்து விதிகளைக் கூறினாள்: சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம். அன்றிரவே அவை எனக்கு உதவின. பாராசிட்டமால் பாகு 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் என்றும், 250 மில்லிகிராம் என்றும் வருகிறது. என் கையிலிருந்ததோ இரண்டாவது! பழைய கணக்கில் ஊற்றியிருந்தால் இருமடங்கு சென்றிருக்கும்.

அன்பர்களே, சீட்டைப் படியுங்கள். சமையற்கரண்டியை விடுத்து அளவுமூடியால் அளந்து கொடுங்கள். மருந்துண்ட குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தால், புட்டியுடன் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.